1800 நம்பர் யார் வீட்டுச் சொத்து?

இலவசம் என்றதும் தமிழ்நாட்டில் கலர் டிவி, மிக்ஸி, கிரைண்டர்தான் ஞாபகத்துக்கு வரும். 2006, 2011 தேர்தல்களின் உபயம். ஆனால் அதற்கெல்லாம் முன்னாடியே நம்ம கையில் கிடைத்த ஒரு இலவசம் உண்டு. எந்தத் தேர்தல் அறிக்கையிலும் வராதது, யார் படமும் ஒட்டாதது. டோல் ஃப்ரீ நம்பர். 1800ல் ஆரம்பிக்குமே, அதேதான்.

பாஸ்புக்கில் இருக்கு, கேஸ் புக்கில் இருக்கு, ரேஷன் கடை போர்டில் இருக்கு, பேஸ்ட் டப்பாவின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில் இருக்கு. இந்த நம்பர்களை சர்க்கார் யாருக்கு, எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. "உலகத்துல எவ்வளவோ பிரச்சினை இருக்க, இவனுக்கு நம்பர்தான் பிரச்சினை"ன்னு நீங்க முனகுறது கேக்குது. கொஞ்சம் பொறுங்க. சாராயம், சாதி, சினிமா பற்றி எழுத நம்ம ஆட்கள் நிறைய பேர் இருக்காங்க. இதைப் பற்றி எழுத நான் மட்டும்தான் :-)

முதலில் அடிப்படை. சாதாரண போனில் கூப்பிடுகிறவர் காசு கட்டுகிறார். 1800ல் கூப்பிடப்படுகிறவர் கட்டுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கு. நீங்க லைனில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கம்பெனிக்குச் செலவு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று அந்தம்மா பன்னிரண்டாவது தடவை சொல்லும்போது மீட்டர் ஓடுவது அவர்களுக்கு. அதனால் சீக்கிரம் பேசி அனுப்ப வேண்டும் என்கிற அக்கறை அவர்களுக்குத் தானாகவே வரும். வரணும்.

1860 என்று இன்னொரு ஜாதி இருக்கிறது. பார்க்க 1800க்குத் தம்பி மாதிரியே இருக்கும். இலவசம் இல்லை. உள்ளூர் அழைப்புக் கட்டணம் உங்களுடையது, தூரத்துக்கு ஆகிற மிச்சம் அவர்களுடையது. இதன் சர்க்கார் பெயர் யுனிவர்சல் அக்சஸ் நம்பர். நாட்டில் எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே நம்பர் என்பது இதன் பெருமை. எங்கிருந்து கூப்பிட்டாலும் மீட்டர் உங்களுக்கும் ஓடும் என்பது இதன் சிறுமை. பொருளை விற்பதற்கு 1800, விற்றபின் புகாருக்கு 1860 என்று போட்டிருக்கிற அட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். வாங்க வர்றப்ப பந்தி போட்டு இலை விரிப்பாங்க, வாங்கினப்புறம் தண்ணிக்குக் கூட டோக்கன்.

இங்கிலாந்தில் 2014 ஜூனிலிருந்து இதற்குச் சட்டம் உண்டு. வாங்கிய பொருளைப் பற்றிப் பேச வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற நம்பர், சாதாரணக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. அடுத்த வருஷம் ஜூலையில் இன்னொன்றும் செய்தார்கள். 0800 நம்பர்கள் அதுவரை லேண்ட்லைனில் மட்டும்தான் நிஜமாக இலவசம், செல்போனில் கூப்பிட்டால் காசு. 2015 ஜூலை 1 முதல் இரண்டிலும் இலவசம் ஆனது.

வெள்ளைக்காரனைப் பார்த்து ரொம்ப வாயைப் பிளக்க வேண்டாம். நம்ம ஊரிலும் அதே கூத்து அதற்கு முன்னாடியே நடந்து, ஓரளவு தீர்ந்தும் போனது. இப்போது முப்பது வயசுக்கு மேல் ஆனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவின் டோல் ஃப்ரீ நம்பர் 1800 இல்லை, 1600. 2005ல் தேசிய நுகர்வோர் உதவி எண் வந்தபோது 1600-11-4000 என்றுதான் விளம்பரம். அதன் கீழேயே பொடி எழுத்தில் 'பிஎஸ்என்எல் / எம்டிஎன்எல் இணைப்புகளிலிருந்து மட்டும்' என்று இருக்கும். தனியார் செல்போனிலிருந்து அடித்தால் 'நீங்கள் அழைத்த எண் சரியானதல்ல'. நம்பரை ஒரு கம்பெனி கொடுத்திருக்கு, நீ இன்னொரு கம்பெனி ஆளு, போய்க்கிட்டே இரு. நெடுஞ்சாலைன்னு போர்டு வச்சுட்டு டிவிஎஸ் வண்டி மட்டும் போகலாம்னு சொன்ன மாதிரி.

அப்புறம் 1600 போய் 1800 வந்தது. 2006 நவம்பரில் ட்ராய் ஒரு ஒழுங்குமுறை போட்டு, ஒரு கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பர் மற்ற கம்பெனி சந்தாதாரருக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு நீங்களே உங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. போட்டுக்கொண்டார்களா? 2012ல் அதே ஒழுங்குமுறையைத் திருத்த வேண்டி வந்தது என்பதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கவனிங்க: அந்த ஒழுங்குமுறை முழுக்க யார் யாருக்கு எவ்வளவு காசு தரணும் என்கிற கணக்கு. கூப்பிடுகிறவனைப் பற்றி அதில் இருக்கிற கவலை, கால் போகுதா இல்லையா என்கிற அளவுக்குத்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேசுவதற்குக் காசு என்கிற சமாச்சாரமே கொஞ்ச நாளில் காணாமல் போச்சு. இன்றைக்கு ரீசார்ஜ் போட்டிருக்கிற எவனும் '1800க்கு அடிச்சா மிச்சம்' என்று அடிப்பதில்லை. பிறகு ஏன் எல்லாக் கம்பெனியும் இன்னும் 1800 போடுகிறது? ஏன்னா அது இலவசம் என்கிற அர்த்தம் தேய்ந்து, 'இது நிஜமான கம்பெனி' என்கிற அர்த்தம் ஏறிவிட்டது. பத்து இலக்க செல் நம்பர் எந்தக் களவாணியிடமும் இருக்கலாம், 1800 என்றால் கொஞ்சம் பெரிய இடம் என்று சனங்கள் நம்புகிறார்கள். காசுக்காக வந்த நம்பர் முத்திரையாக மாறிவிட்டது. சர்க்கார் மட்டும் இன்னும் காசுக் கணக்கிலேயே நிற்கிறது.

எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். ஐயம்பேட்டை. (தஞ்சாவூர் ஐயம்பேட்டை இல்லீங்க. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருக்கிற ஐயம்பேட்டை. எங்க கூரியரில் பாதி தஞ்சாவூரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும், அது தனிப் பதிவு.) தறி ஊர். காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். 2017 மார்ச்சில் ஜவுளி அமைச்சகம் நெசவாளர்களுக்கென்று 'புங்கர் மித்ரா' என்று ஒரு உதவி எண் ஆரம்பித்தது. 1800 208 9988. வாரம் ஏழு நாளும் காலை 10 முதல் மாலை 6 வரை, ஏழு மொழியில், தமிழும் உண்டு. பெயரை மட்டும் இந்தியில் வைத்துவிட்டு சேவையைத் தமிழில் கொடுத்தார்கள், பரவாயில்லை, தலைகீழாகச் செய்யாமல் விட்டார்களே.

எங்க தெருவில் ரெண்டு தறி வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர். அவருக்கு வங்கியில் ஒரு கடன் தவணை விஷயமாகக் குழப்பம். தறியை விட்டு எழுந்து காஞ்சிபுரம் போனால் அரை நாள் கூலி போச்சு. குழித்தறியில் உட்கார்ந்தபடியே மகனிடம் சொல்லி, வங்கி நம்பரை நெட்டில் தேடி எடுத்துக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு பாவு மேல் வைத்துவிட்டு, கால் மிதியில், கை நாடாவில். நல்லாப் பேசினானாம். "சார் சார்"னு தமிழ்லயே பேசினானாம். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, அதைத் திறந்து வைக்கச் சொல்லி, பத்து நிமிஷத்தில் ஜரிகை வாங்க வைத்திருந்த பணம் மொத்தமும் போச்சு. 1930க்குப் புகார் கொடுத்தோம், ரசீது நம்பர் வந்தது. பணம் வரவில்லை.

"தெரியாத நம்பருக்கு ஏண்ணே பேசுனீங்க?"ன்னு கேட்டேன்.

"தெரியாத நம்பர்னு யார்ரா சொன்னா? நானாத்தான்டா கூப்பிட்டேன். 800னு போட்டிருந்துச்சு, பேங்க் நம்பரும் அப்படித்தானே இருக்கும்?" என்றார்.

இந்தப் பதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? வங்கிகளின் 1800 நம்பர் நிறைய 11 இலக்கம். அதில் முதல் 1ஐ எடுத்துவிடுங்கள். மிச்சம் 800ல் ஆரம்பிக்கிற 10 இலக்கம். அது ஒரு சாதாரண செல் நம்பர், எந்தக் கடையிலும் சிம் கிடைக்கும். செல்போன் நம்பர் முதலில் 9ல் மட்டும் இருந்தது, பற்றாக்குறை வந்ததும் 8, 7, 6 என்று கீழே இறங்கியது. அப்படி 8ஐத் திறக்கும்போது, பக்கத்திலேயே 1800 என்று ஒரு நம்பர் வரிசை நாடு முழுக்கப் பழக்கத்தில் இருக்கே, 800ஐ மட்டும் பூட்டி வைப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இது நான் ராத்திரி உட்கார்ந்து கட்டிய கற்பனை இல்லை. டோல் ஃப்ரீ நம்பரில் முன்னால் இருக்கும் 1ஐ விட்டுவிட்டு மிச்ச நம்பரை வாங்கி, ட்ரூகாலர் மாதிரி ஆப்பில் வங்கியின் பெயரிலேயே பதிந்து வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021ல் தன் கண்காணிப்பில் இருக்கிற நிறுவனங்களை எச்சரித்திருக்கிறது. எச்சரித்தார்கள், சரி. அந்த 800 வரிசையை என்ன செய்தார்கள்? இன்றைக்கும் அது செல்போன் வரிசைதான்.

நெட்டில் தேடினால் கள்ள நம்பர் வருது, தேடாதே என்கிறார்கள். சரி, தேடவில்லை. நம்ம கையில் இருக்கிற ஒரு 1800 நம்பர் யாருடையது என்று எங்கே பார்ப்பது? எஸ்எம்எஸ் அனுப்பும் கம்பெனிகளின் சுருக்கப் பெயர் யாருடையது என்று ட்ராய் தளத்தில் தட்டிப் பார்க்கலாம், அதற்கு வசதி செய்திருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தியில் வங்கிகள் மாதிரி நிறுவனங்களின் நம்பகமான தொடர்பு எண்களைப் பார்க்க ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ரெண்டுமே நல்ல வேலை, பாராட்டலாம். அது வங்கிக்கும் எஸ்எம்எஸ்சுக்கும். ஃப்ரிட்ஜ் கம்பெனி, கூரியர் கம்பெனி, பள்ளிக்கூட பஸ் கம்பெனி என்று 1800 வைத்திருக்கிற மொத்தப் பேருக்கும் ஒரு பொது ஏடு வேணும். நம்பரைப் போட்டால் பெயர் வரணும், பெயரைப் போட்டால் நம்பர் வரணும். தகவல் எல்லாம் ஏற்கனவே டெலிகாம் கம்பெனிகளிடம் இருக்கு, அடையாளச் சான்று வாங்காமல் எந்தக் கம்பெனியும் 1800 கொடுப்பதில்லை. சேர்த்து ஒரு இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டியது சர்க்கார் வேலை.

எங்க தொழிலையே பாருங்க. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கு. அந்தப் பெயரை வைத்து விற்க யாருக்கு உரிமை என்று யார் வேண்டுமானாலும் ஏட்டைப் பார்க்கலாம். ஏடு இருந்தால் போலி ஒழிந்துவிடுமா என்று கேட்காதீங்க, சூரத்திலிருந்து வர்றது வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனால் சண்டை போட ஒரு ஆதாரம் கையில் இருக்கு. ஒரு புடவையின் பெயருக்கு ஏடு வைத்த நாட்டில், கோடிக்கணக்கான பேர் பணத்தை நம்பிப் பேசுகிற நம்பருக்கு வைக்க மனசில்லை.

இன்னொரு கூத்து இதைவிடப் பெரிசு. என் கூடப் படித்தவன், காஞ்சிபுரத்தில் சின்னதாகப் புடவைக் கடை. வெளியூர், வெளிமாநில வாடிக்கையாளருக்காக ஒரு 1800 நம்பர் வாங்கினான். இப்பல்லாம் பெரிய கம்பெனிதான் வாங்கணும்னு இல்லை, மாதத்துக்கு இவ்வளவு என்று சின்னக் கடைக்கும் தருகிறார்கள். புடவைப் பெட்டி, பை, பில் புக், கடை போர்டு எல்லாவற்றிலும் அச்சடித்தான். நாலு வருஷம் ஓடியது. அப்புறம் அந்த டெலிகாம் கம்பெனியின் (பேரு வேணாம்) சேவை சரியில்லை, கால் பாதியில் அறுந்துபோகுது, கட்டணத்தையும் ஏற்றினார்கள். சரி, வேற கம்பெனிக்கு மாறலாம்னு கேட்டிருக்கான்.

"மாறலாம் சார், தாராளமா. நம்பர் மட்டும் வராது."

"அது என் நம்பர்தானே தம்பி? என் பெட்டியில அச்சடிச்சிருக்கேன்."

"சார், நம்பர் உங்களுக்குக் கொடுத்தது எங்க கம்பெனி சீரிஸ். அவங்க சீரிஸ் வேற."

சிம் கார்டு நம்பரை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எந்தக் கம்பெனிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் போகலாம். ரெண்டு ஜிபி டேட்டாவுக்காக நாம மாசம் ஒரு கம்பெனி மாறுறோம், நம்பர் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வருது. ஆனால் தொழில் முழுக்க ஒரு நம்பரை நம்பி இருக்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. ஏன்னா மாற்ற உரிமை கொடுத்த விதி செல்போனுக்கு மட்டும். டோல் ஃப்ரீயை அதில் சேர்க்கவே இல்லை.

'கம்பெனி சீரிஸ்' என்று அந்தப் பையன் சொன்னது உண்மை. 1800க்கு அடுத்து வருகிற இலக்கங்கள் எந்தக் கம்பெனி என்பதற்கான அடையாளம். தென்னிந்தியாவில் 1800 425 என்று ஆரம்பிக்கிற நம்பர்களை நிறையப் பார்த்திருப்பீங்க. ரேஷன் புகாருக்கு வருகிற 1800 425 5901 கூட அப்படித்தான். 425 என்றால் பிஎஸ்என்எல் தென் மண்டலம். வடக்குக்கு 180, கிழக்குக்கு 345, மேற்குக்கு 233. டில்லி எம்டிஎன்எல்லுக்கு 11, மும்பைக்கு 22. 2003ல் போட்ட தேசிய எண் திட்டத்தின்படி சர்க்கார் நம்பர்களைக் கட்டுக்கட்டாகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது, கம்பெனி அதைச் சில்லறையாக நமக்குக் கொடுக்கிறது. அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சுக்கு அது தேவைப்பட்டது. இந்த நம்பர் எந்தப் பக்கம் போகணும் என்று முதல் ஏழு இலக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளணும். இப்போ அந்த அவசியம் இல்லை. நூறு கோடிக்கு மேல் இருக்கிற செல் நம்பரில் எது எந்தக் கம்பெனியில் இருக்கு என்று ஒரு தரவுத்தளத்தில் பார்த்துத்தான் ஒவ்வொரு காலும் போகுது. அதையே செய்யத் தெரிந்தவர்களுக்கு டோல் ஃப்ரீக்குச் செய்வதா கஷ்டம்?

அமெரிக்காக்காரன் இதை எப்பவோ செய்து முடித்துவிட்டான். 1967ல் ஏடி அண்ட் டி கம்பெனிதான் 800 நம்பரை ஆரம்பித்தது. ரொம்ப நாளைக்கு இதே கதைதான், நம்பர் கம்பெனியோடு கட்டப்பட்டிருந்தது. 1993 மே மாதத்திலிருந்து நம்பரை வைத்திருக்கிறவன் எந்தக் கம்பெனிக்கும் கொண்டுபோகலாம். ஒரு பொதுத் தரவுத்தளம், எல்லாக் கம்பெனியும் அதைப் பார்த்துத்தான் காலை அனுப்பணும். 800 தீர்ந்துபோய் 1996ல் 888 திறந்தார்கள். உடனே நம்ம ஊர் நிலப் புரோக்கர் மாதிரி அங்கேயும் ஆட்கள் நல்ல நம்பர்களைப் பிடித்துப் பதுக்க ஆரம்பிக்க, 1997ல் அவர்களுடைய எஃப்சிசி பதுக்கலையும் விற்பனையையும் தடை செய்தது. நம்பர் பொதுச் சொத்து, நீ பயன்படுத்தலாம், வியாபாரம் பண்ணக் கூடாது என்பது அதன் வாதம். பிற்பாடு அவர்களே 2019 டிசம்பரில் 833 வரிசையில் பதினேழாயிரத்துச் சொச்சம் நம்பர்களை ஏலம் விட்டார்கள். அவன் கொள்கையும் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. ஆனாலும் நம்பர் யாருடையது என்கிற கேள்வியை எழுப்பி, பதில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நம்ம பக்கம் அந்தக் கேள்வியே இல்லை. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நம்பர்களை மத்திய அரசு ஒதுக்கலாம் என்கிறது. யாருக்கு? அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களுக்கு. அதாவது கம்பெனிகளுக்கு. அதற்குக் கீழே இருக்கிற புடவைக் கடைக்காரனும் கூட்டுறவுச் சங்கமும் அந்த வாக்கியத்திலேயே இல்லை. 2024 ஜூனில் ட்ராய் எண் திட்டத்தைப் பற்றி ஒரு ஆலோசனைத் தாள் விட்டது. ஊடகங்கள் "உங்க செல் நம்பருக்குக் கட்டணம்!" என்று குதித்தன. ட்ராய் இல்லவே இல்லை என்று மறுத்தது. 2025 பிப்ரவரியில் பரிந்துரை வந்தபோது, நம்பருக்கு புதுசா காசு வேண்டாம், யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று வருஷா வருஷம் பார்த்தால் போதும் என்று முடித்தார்கள். காசு, காசு, காசு. காசு வாங்கலாமா வேண்டாமா என்று நாடே சண்டை போட்ட நேரத்தில், நம்பரை எடுத்துக்கிட்டுப் போகலாமா என்று கேட்க நாதியில்லை.

பின்கோடு என்று ஒன்று இருக்கே. 1972 ஆகஸ்ட் 15ல் வந்தது. ஒரே பெயரில் பல ஊர் இருக்கிற குழப்பத்தைத் தீர்க்கத்தான் அதையே கொண்டுவந்தார்கள் (ஐயம்பேட்டைக்காரர்கள் சார்பில் நன்றி, கூரியர்காரர்கள் மட்டும் இன்னும் படிக்கவில்லை). தபால்காரர் கொண்டுவந்தாலும் தனியார் கூரியர் கொண்டுவந்தாலும் அதே பின்கோடுதான். கம்பெனி மாறினால் எங்க ஊர் பின்கோடு மாறாது. அது ஊருக்கானது, தூக்கிக்கிட்டு வர்ற ஆளுக்கானது இல்லை.

சின்னக் கடைக்காரனை விடுங்க, சர்க்காரே இதில் மாட்டிக்கொள்ளும். ஒரு நலத் திட்டத்துக்கு ஒரு கம்பெனியிடம் 1800 நம்பர் எடுத்து, ஊர் ஊராகச் சுவரில் எழுதி, தறிக்காரர் வீட்டு வாசல் வரை நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். டெண்டர் முடிந்து அடுத்த கம்பெனி வந்தால் ரெண்டே வழி. பழைய கம்பெனி கேட்கிற காசைக் கொடுத்து அங்கேயே இருக்கணும், இல்லாட்டி சுவரெல்லாம் அழிச்சு எழுதணும். சுவரை யார் அழிக்கப் போறாங்க? செத்த நம்பர் சுவரில் அப்படியே இருக்கும். எங்க பக்கம் சில சுவர்களில் ஆட்சி ரெண்டு தடவை மாறியும் விளம்பரம் மாறாமல் நிற்கிறது.

இதனாலேயோ என்னவோ அரசு அலுவலகங்கள் ஆளுக்கு ஒரு திசையில் ஓடுகின்றன. மின்சாரப் புகாருக்கு நாடு முழுக்க 1912 இருக்கு. நாலே இலக்கம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஜூனில் மின்னகம் ஆரம்பித்தபோது கொடுத்த நம்பர் 94987 94987. நினைவில் வைக்க அழகான நம்பர், மறுக்கவில்லை, எங்க வீட்டு நாலு வயசு வாண்டு கூடச் சொல்லும். ஆனால் பார்க்க ஒரு செல் நம்பர். 'செல் நம்பரிலிருந்து மின்வாரியம் என்று பேசினால் நம்பாதே' என்று ஒரு பக்கம் எச்சரிக்கை. மின்வாரியத்தின் நம்பரே செல் நம்பர் வடிவத்தில் இன்னொரு பக்கம். சனம் எதைப் பார்த்து எதை நம்பும்?

"இதெல்லாம் செத்துப்போன தொழில்நுட்பம்பா. எல்லாம் வாட்ஸப், சாட்பாட்டுன்னு போயாச்சு, நீ இன்னும் போன் நம்பரைக் கட்டிக்கிட்டு அழுவுற" என்று ஒரு நண்பர் சொன்னார். சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது சரி. தறியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ரெண்டு கையும் வேலையில் இருக்கும். அவரால் முடிகிறது வாயால் பேசுவதும் காதால் கேட்பதும்தான். கண் கோர்வையில் இருக்கணும், இழை அறுந்தால் கூலியில் பிடிப்பார்கள். அவருக்கு சாட்பாட்டில் தட்டச்சு பண்ணு என்று சொல்கிறவர் தறியைப் படத்தில் மட்டும் பார்த்தவராக இருக்கணும். அதோடு, வாட்ஸப்பில் போனாலும் முதலில் ஒரு நம்பரைத்தானே சேமிக்கணும்?

நம்பரைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை கொடுத்தால் செலவு ஆகும், கம்பெனிகள் தலையில் விழும் என்கிற வாதமும் உண்டு. செல்போன் நம்பர் மாற்றத்துக்கும் இதையேதான் சொன்னார்கள். விழுந்தது, தாங்கினார்கள், இன்னும் ஜம்மென்றுதான் இருக்கிறார்கள். அவர்கள் பயம் செலவு இல்லை. நம்பரைப் பிடித்துவைத்தால் ஆள் ஓடமாட்டான், அதுதான்.

கடைசியா ஒண்ணு. இதைப் படித்தபோதுதான் இந்தப் பதிவையே எழுதணும்னு கை அரித்தது. டோல் ஃப்ரீயாக இருந்து ஓய்வு பெற்ற அந்த 1600 ஞாபகம் இருக்கா? அதற்கு மறுபிறவி கொடுத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது: வங்கி, காப்பீடு மாதிரி நிதி நிறுவனங்களும் அரசுத் துறைகளும் நம்மை சேவை விஷயமாகக் கூப்பிட வேண்டுமானால் 160ல் ஆரம்பிக்கிற வரிசையிலிருந்துதான் கூப்பிட வேண்டும். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் தன் பங்குக்குச் சொல்லியது. நவம்பரில் ட்ராய் ஒவ்வொரு வகை நிறுவனத்துக்கும் தேதி குறித்தது. அன்றைக்கு 1600 நாம் அவர்களைக் கூப்பிட, இன்றைக்கு 1600 அவர்கள் நம்மைக் கூப்பிட. நோக்கம் நல்ல நோக்கம். நம்பரைப் பார்த்ததும் இது நிஜம் என்று தெரியணும் என்று ஒரு வழியாக சர்க்காருக்கே தோன்றியிருக்கிறது. 800 கதையில் ஏமாந்த எங்க அண்ணன் மாதிரி ஆட்களுக்கு இது கொஞ்சம் உதவும்.

ஆனால் அந்த நம்பர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? மொத்தம் 10 இலக்கம். 1600க்குப் பிறகு ரெண்டு இலக்கம் எந்த வட்டம் என்று சொல்ல, டில்லிக்கு 11, மும்பைக்கு 22. கடைசி மூன்று இலக்கம் வரிசை எண். நடுவில் மிச்சம் இருக்கிற ஒரே ஒரு இலக்கம் எதற்கு?

எந்த டெலிகாம் கம்பெனி என்பதற்கு.